சுழலும் ஷாஃப்ட்டுக்குள் தண்ணீர் போவது எப்படி?

நான் வேலை பழகியது ஒரு தேயிலைத் தொழிற்சாலையில். தொழிற்சாலைக்குக் கீழே, ஓடைக் கரையில், ஒரு பம்ப் வீடு இருந்தது. அந்தப் பம்பின் ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, உள்ளே நுழையும் இடத்தில் எந்நேரமும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். கீழே சிமெந்துத் தரை முழுக்கப் பாசி. ஒருநாள், மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் அண்ணன் மேலே போயிருந்த நேரம் பார்த்து, ஸ்பேனரை எடுத்து, ஷாஃப்ட் நுழையும் இடத்தை மூடும் கிளாண்டின் நட் இரண்டையும் நன்றாக இறுக்கிவிட்டேன். சொட்டு நின்றது. ஒழுகலைச் சரிசெய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரத்தில் கருகிய வாடை வந்தது. கிளாண்டில் கைவைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அண்ணன் ஓடி வந்து பம்பை நிறுத்தினார். கழற்றிப் பார்த்தால் உள்ளே சுற்றியிருந்த பேக்கிங் கயிறு கரியாகிவிட்டது. ஷாஃப்ட்டில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். அவர் திட்டவில்லை. "தம்பி, அது ஒழுகல் இல்ல. அந்த ஷாஃப்ட் குடிக்கிற தண்ணி. அதைப் போய் நிறுத்திட்டியே" என்றார்.

பிற்பாடு கண்டிப் பக்கம் ஒரு வேலைத்தளத்தில் கணினியில் ஓடும் மெஷின்களோடு வேலை செய்யப் போனேன். அங்கே இருந்த விலை கூடிய சீல்களுக்கும், அதாவது ஒழுகலைத் தடுக்கும் அடைப்புகளுக்கும், அண்ணன் சொன்னது அப்படியே பொருந்தியது. எந்தத் தண்ணீரைத் தடுக்க சீல் வைக்கிறோமோ, அந்தத் தண்ணீரில்தான் சீல் உயிர் வாழ்கிறது. இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். மலையில் ஊற்றெடுக்கும் தண்ணீரை லயத்துப் பீலி வரைக்கும் குழாயில் கொண்டுவருவது லேசு. குழாயும் அசையாது, பீலியும் அசையாது. ஜொயின்ட்டில் ஒரு ரப்பர் வொஷரைப் போட்டு இறுக்கினால் முடிந்தது. அதே தண்ணீரை, நிமிடத்துக்கு ஆயிரம் தடவை சுற்றும் ஓர் உருளைக்குள் விட வேண்டுமென்றால்? ஹோஸை அப்படியே உருளையில் மாட்டினால் நான்கு சுற்றில் முறுக்கிப் பிய்த்துக்கொள்ளும். ஹோஸ் நிற்க வேண்டும், உருளை சுற்ற வேண்டும், இரண்டுக்கும் நடுவே தண்ணீர் போக வேண்டும், வெளியே தெறிக்கவும் கூடாது.

இந்தத் தேவை பல இடங்களில் வருகிறது. ரப்பர் அரைக்கும் உருளைகள் உராய்ந்து சூடாகும், அவற்றுக்கு உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓட வேண்டும். காகிதத்தைக் காயவைக்கும் உருளைகளுக்குள் நீராவி போக வேண்டும். இரும்பில் ஆழமாகத் துளை போடும் டிரில்லின் நுனி வரைக்கும், டிரில்லின் வயிற்றுக்குள்ளாலேயே கூலன்ட், அதாவது குளிர்விக்கும் திரவம், போய்ச் சேர வேண்டும். பஸ் எஞ்சினின் வாட்டர் பம்பில் இது தலைகீழ்: அங்கே தண்ணீருக்குள் ஷாஃப்ட் நுழைகிறது. எப்படிப் பார்த்தாலும் நிற்கும் பாகத்துக்கும் சுற்றும் பாகத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் இன்னொரு கேள்வியைக் கேட்க வேண்டும். அந்த இடத்தில் சீல் தேவைதானா? பழைய காலத்து ரப்பர் உருளைகள் சிலவற்றில் சீலே கிடையாது. உருளையின் நடுவில் ஒரு பெரிய துளை. அதற்குள் அசையாத ஒரு மெல்லிய குழாய் நீண்டு போகும். குழாயில் உள்ள சிறு ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உருளையின் உட்சுவரில் பீச்சியடிக்கும். பிறகு அது துளையின் வாய் வழியாகத் தானாக வழிந்து, கீழே வைத்த தகரப் புனலில் விழுந்து வாய்க்காலுக்குப் போகும். குழாய் எதையும் தொடவில்லை, அதனால் தேயவும் ஒன்றுமில்லை. அழுத்தம் தேவையில்லாத, இடம் நனைந்தாலும் பாதகமில்லாத இடத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்பேன். சீல் வாங்கக் காசு தேடுவதற்கு முன் இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

அது முடியாத இடங்களுக்கு மூத்த வழி கிளாண்ட். ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு குழி, அதற்குள் கிரீஸோ கிராபைட்டோ ஊறிய சதுரக் கயிறு நான்கைந்து வளையம், மேலே ஒரு மூடி. மூடியை இறுக்கினால் கயிறு பிதுங்கி ஷாஃப்ட்டைப் பிடிக்கும். கயிற்றுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே கசியும் தண்ணீர்தான் உராய்வுச் சூட்டை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது. நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு விழட்டும் என்பது பம்ப் வேலை செய்பவர்களிடம் வழங்கும் பொதுவான கணக்கு. புதிதாகக் கயிறு போடும்போது ஷாஃப்ட் அளவுள்ள வேறொரு கம்பியில் சுற்றி வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வளையத்தின் வெட்டுக்கு நேரே அடுத்த வளையத்தின் வெட்டு வரக் கூடாது, கால் வட்டம் தள்ளி வர வேண்டும். முதலில் தாராளமாக ஒழுகவிட்டு, நட்டைக் கொஞ்சம் திருப்பி, பத்து நிமிடம் பார்த்து, மறுபடி கொஞ்சம் திருப்ப வேண்டும். நான் செய்ததுபோல் ஒரே மூச்சில் அல்ல.

ஓடைத் தண்ணீருக்குக் கிளாண்ட் போதும். ஆனால் மெஷினுக்குள் ஓடும் கூலன்ட் சொட்டிக்கொண்டே இருந்தால் காசும் நட்டம், பக்கத்திலிருக்கும் பெயாரிங்கும் துருப்பிடிக்கும். அங்கேதான் முகத்தோடு முகம் சேரும் சீல் வருகிறது. வேலைத்தளத்தில் மெக்கானிக்கல் சீல் என்பார்கள்.

இரண்டு கண்ணாடித் துண்டுகளை நனைத்து ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். இழுத்துப் பிரிக்கப் பார்த்தால் வராது. ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று உராயவில்லை, அந்தப் படலம் அவ்வளவு மெல்லியது என்பதால் அதன் வழியே தண்ணீர் பாயவும் வழியில்லை. மெக்கானிக்கல் சீல் என்பது இதுதான். இரண்டு வளையங்கள். ஒன்று சுற்றும் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும், மற்றது அசையாத கூட்டில் உட்கார்ந்திருக்கும். இரண்டின் தட்டையான முகங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி சேர்ந்திருக்கும். பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளும். நடுவில் ஒரு மைக்ரோன் அளவில் தண்ணீர்ப் படலம். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோன். நம் தலைமுடி ஒன்றின் தடிப்பு 70 மைக்ரோன் அளவில் வரும்.

இவ்வளவு மெல்லிய படலம் ஏன் ஒழுகுவதில்லை என்பதற்கு ஒரு அழகான கணக்கு உண்டு. குறுகிய சந்து வழியாகப் போகும் தண்ணீரின் அளவு, தடிப்பு × தடிப்பு × தடிப்பு என்ற கணக்கில் மாறும். சந்தைப் பாதியாக்கினால் ஒழுகல் பாதியாகக் குறையாது, எட்டில் ஒன்றாகிவிடும். பத்தில் ஒன்றாக்கினால் ஆயிரத்தில் ஒன்று. அதனால் ஒரு மைக்ரோன் சந்தில் கசிவது மிக மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் முகங்களின் சூட்டில் ஆவியாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சீல் காய்ந்து கிடப்பதுபோல் தெரியும். உள்ளே அது நனைந்துதான் இருக்கிறது.

கணக்கின் மறுபக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. முகம் ஐந்து மைக்ரோன் வளைந்துவிட்டால் ஒழுகல் நூறு மடங்கைத் தாண்டிவிடும். அதனால்தான் இந்த முகங்களை அரைத்து அரைத்து ஒரு மைக்ரோனுக்குள் தட்டையாக்குகிறார்கள். அந்தத் தட்டையை அளப்பதைப் பார்க்க வேண்டும், எனக்கு இன்றைக்கும் பிடித்த காட்சி அது. மிகத் தட்டையான ஒரு கண்ணாடி வில்லையை முகத்தின்மேல் வைத்து, ஒரே நிற ஒளி விளக்கின் கீழே பிடித்தால் கறுப்புக் கோடுகள் தெரியும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் ஏறக்குறைய 0.3 மைக்ரோன் வித்தியாசம். கோடுகள் நேராகவும் சம இடைவெளியிலும் இருந்தால் முகம் தட்டை. வளைந்திருந்தால் எத்தனை கோடு வளைந்திருக்கிறது என்று எண்ணியே மேடு பள்ளத்தைச் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட முகத்தை எண்ணெய்க் கையோடு தடவுவதும், மேசையில் கவிழ்த்து வைப்பதும் எவ்வளவு பெரிய தவறு என்று யோசித்துப் பாருங்கள்.

வளையங்கள் எதனால் ஆனவை? வழக்கமாக ஒன்று கார்பன்-கிராபைட், மற்றது சிலிக்கன் கார்பைட் மாதிரி மிகக் கடினமான பொருள். கார்பன் மிருதுவானது, தானே வழுக்கும் குணம் உள்ளது, புதிதில் கொஞ்சம் தேய்ந்து மற்றதோடு பொருந்திக்கொள்ளும். தண்ணீரில் மணலோ இரும்புத் தூளோ வருமென்றால் கார்பன் தாங்காது. துகள் அதில் பதிந்துகொண்டு எதிர்முகத்தை அரம்போல் அறுக்கும். அந்த இடத்துக்கு இரண்டு முகமும் கடினமாகப் போடுவார்கள். ஆனால் கடினமும் கடினமும் சேர்ந்தால் ஒரு நிமிடம் காய்ந்து ஓடினாலும் மன்னிக்காது. நம் பக்கம் மழை பெய்த மறுநாள் ஓடைத் தண்ணீர் தேயிலைச் சாயம்போல வரும், அது முழுக்க மண். அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் குளிர்ச்சிக்கு விடும் இடங்களில் சீல் நிலைக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சரி, இந்த முகச் சீலை ஒரு சிறு கூட்டுக்குள் வைத்து, இரண்டு பெயாரிங்கும் கொடுத்து, ஒரு பக்கம் ஷாஃப்ட்டில் பூட்டவும் மறுபக்கம் ஹோஸ் மாட்டவும் வசதி செய்தால் அதுதான் ரோட்டரி யூனியன். சுற்றும் உருளையின் முனையில் இதைத் திருகிப் பூட்டுகிறார்கள். திருகு மரை வலதா இடதா என்பதைச் சுழலும் திசையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஓட ஓட அது இறுகும்படி. மாறிப் போட்டால் ஓட ஓடக் கழன்றுவிடும்.

டிரில்லுக்குள் கூலன்ட் விடும் மெஷின்களில் இந்த யூனியன் படும் பாட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரில்லைப் பிடித்துச் சுற்றும் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 12,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சீல் முகத்தின் விட்டம் 20 மில்லிமீற்றர். அப்படியானால் முகங்கள் ஒன்றையொன்று வினாடிக்குப் பன்னிரண்டரை மீற்றர் வேகத்தில் கடக்கின்றன. மணிக்கு 45 கிலோமீற்றர். கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் போகும் வேகத்தைவிடக் கூட. கூலன்ட் அழுத்தம் 50 பார் என்றால், 500 மீற்றர் உயரத் தண்ணீர்த் தூண் அழுத்துவதற்குச் சமம். லக்சபானைப் பக்கம் மலைச்சரிவில் இறங்கும் அந்தப் பெரிய குழாய்களை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட அழுத்தம் என்று விளங்கும். சாதாரண ஒயில் சீலின் ரப்பர் உதடு ஒரு பார் அழுத்தத்துக்கே பிதுங்கிவிடும். அதனால்தான் இங்கே ரப்பர் உதட்டுக்கு வேலையில்லை.

இவ்வளவு அழுத்தமும் முகங்களை ஒன்றோடொன்று நசுக்காதா? நசுக்கும், அப்படியே விட்டால். அதனால் வளையத்தின் பின்பக்கத்தில் அழுத்தம் படும் பரப்பைக் கணக்காகக் குறைத்து வைக்கிறார்கள். பின்னாலிருந்து தள்ளும் விசையையும், நடுவிலுள்ள படலம் விரித்துத் தள்ளும் விசையையும் ஏறக்குறையச் சமமாக்கி, மூடும் பக்கம் ஒரு மயிரிழை கூட வைப்பார்கள். கொஞ்சம் கூடினால் படலம் பிழிந்து போய் முகம் எரியும். கொஞ்சம் குறைந்தால் திறந்துகொண்டு பீச்சும். ஒரு யூனியனின் விலையில் பெரும்பகுதி இந்தச் சமநிலைக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் தண்ணீர் இல்லாமல் ஓடும் கதை. நான் இருந்த வேலைத்தளத்தில் காலையில் ஸ்பிண்டிலைச் சூடாக்க அரை மணி நேரம் சும்மா ஓடவிடுவார்கள். கூலன்ட் பம்ப் அப்போது நிறுத்தப்பட்டிருக்கும். மூன்றே மாதத்தில் ஒரு யூனியன் கீச்சிட ஆரம்பித்தது, பிறகு கொட்டியது. கழற்றினால் கார்பன் வளையம் விண்டு போயிருந்தது. அந்த யூனியன் ஈரத்தில் மட்டும் ஓட வேண்டிய வகை. தண்ணீர் இல்லாத நேரம் முகங்கள் தாமாகவே விலகி நிற்கும் வகையும் உண்டு. கூலன்ட் அழுத்தம் வந்தால்தான் அதன் முகங்கள் ஒட்டும், அழுத்தம் போனதும் விலகிவிடும், காய்ந்து சுற்றினாலும் தேயாது. ஒட்டும்போதும் விலகும்போதும் ஒரு வாய்த் தண்ணீர் வடிகால் குழாயில் போகும், அது இயல்பு. உங்கள் மெஷினில் எந்த வகை இருக்கிறது என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதற்காகக் கேள்வி கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

அந்த வடிகால் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. அது சரிந்து கீழ்நோக்கியே போக வேண்டும், நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கக் கூடாது, அதன் வாய் தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கவும் கூடாது. மூழ்கினால் வெளியே போக வேண்டியது திரும்பி வந்து பெயாரிங்கை நிறைக்கும். யூனியனில் மாட்டும் பிரதான ஹோஸும் தளர்வாக, வளைய இடம் விட்டு இருக்க வேண்டும். ஷாஃப்ட் சுற்றும்போது யூனியன் ஒரு நூல் ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்துக்கு இடம் கொடுக்காமல் இரும்புக் குழாயால் இறுக்கிக் கட்டினால் பெயாரிங்கும் போகும், முகமும் ஒரு பக்கமாகத் தேயும்.

தொடாமலே தடுக்கும் ஒரு வழியும் இருக்கிறது. ரம்பொடைப் பக்கம் வரும் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அதேபோல நிற்கும் பாகத்திலும் சுற்றும் பாகத்திலும் பல்பல்லாக வெட்டி, ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் பல் தொடாமல் நுழையும்படி வைத்தால், தண்ணீர் ஒவ்வொரு திருப்பத்திலும் விசையை இழக்கும். தெறிக்கும் கூலன்ட்டிடமிருந்து பெயாரிங்கைக் காக்க இது போதும். அழுத்தத்தோடு வரும் தண்ணீரை இது நிறுத்தாது, குறைக்க மட்டும் செய்யும்.

சீலுக்கே தனியாகத் தண்ணீர் கொடுக்கும் இடமும் உண்டு, அதுவும் நம் மலைகளுக்குள்ளேயே. 2012இல் ஓடத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் நிலையத்தில் 75 மெகாவாட் வீதம் இரண்டு இயந்திரங்கள், இரண்டும் பிரான்சிஸ் வகை. இந்த வகை டர்பைனில் சுற்றும் சக்கரம் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும், அதன் ஷாஃப்ட் மேல்மூடியைத் துளைத்துக்கொண்டு ஜெனரேட்டருக்குப் போகும். துளைக்கும் இடத்தில் சீல் வேண்டும். ஆற்றுத் தண்ணீரில் மண் வருமே? அதனால் இப்படிப்பட்ட டர்பைன்களில் வடிகட்டிய சுத்தமான தண்ணீரை, உள்ளிருக்கும் அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடிய அழுத்தத்தில், சீலுக்கு நேராகவே விடுவது வழக்கம். சுத்தத் தண்ணீர் உள்ளே தள்ளிக்கொண்டு போவதால் மண் தண்ணீர் சீலுக்கு வர முடியாது. பிட்டர் அண்ணன் சொன்ன அந்தக் குடிக்கிற தண்ணீரை இங்கே தனிக் குழாய் போட்டே கொடுக்கிறார்கள்.

பஸ்ஸுக்கு வருவோம். எஞ்சினின் வாட்டர் பம்பில், முகச் சீலுக்கும் பெயாரிங்குக்கும் நடுவே, அடிப்பக்கமாக ஒரு சின்னத் துளை இருக்கும். சீல் கசிந்தால் தண்ணீர் பெயாரிங்குக்குப் போகாமல் அந்தத் துளையால் வெளியே வரும். துளையைச் சுற்றிக் காய்ந்த கறை இலேசாகத் தெரிந்தால் பயமில்லை. சொட்டு தொடர்ந்து விழுந்தால் பம்பை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்த ஒரு பம்பை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பெயாரிங்குக்குள் போய், பெயாரிங் உடைந்து, விசிறி ரேடியேட்டரை அறுத்துவிட்டது.

மலைநாட்டுக்கே உரிய இன்னொன்றும் இருக்கிறது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் குறைவு, அதனால் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். சீல் முகங்களுக்கு நடுவிலுள்ள படலம் சுற்றியுள்ள தண்ணீரைவிட எப்போதும் சூடு கூடியது. அது கொதித்து ஆவியானால் முகங்கள் காய்ந்து உராயும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் கொதிக்காமல் தாங்குகிறது. மூடியின் ரப்பர் பழசாகிவிட்ட வண்டி கொழும்பில் எப்படியோ ஓடிவிடும். ஏற்றம் ஏறி நம் பக்கம் வரும்போது முதலில் அடிவாங்குவது வாட்டர் பம்ப் சீல்.

முகங்களுக்குப் பின்னால், கண்ணில் படாமல், ரப்பர் ஓ-ரிங் ஒன்று உட்கார்ந்திருக்கும். சுற்றாத ஒரு சந்தை அடைப்பதுதான் அதன் வேலை, ஆனால் பொருள் மாறினால் எல்லாமே கெடும். நைட்ரைல் ரப்பர் எண்ணெய்க்கு நல்லது. ஈபிடிஎம் ரப்பர் சூட்டுத் தண்ணீருக்கும் ரேடியேட்டர் கூலன்ட்டுக்கும் நல்லது, ஆனால் சாதாரண எண்ணெய் பட்டால் ஊதிவிடும். இரண்டும் பார்வைக்கு ஒரே கறுப்பு வளையங்கள்தான். எண்ணெய் கலந்த கூலன்ட் ஓடும் மெஷினில் ஈபிடிஎம் போடுவதும், ஈபிடிஎம் வளையத்தில் கிரீஸ் தடவிப் பூட்டுவதும் அடிக்கடி நடக்கும் பிழைகள்.

பழைய சீலைக் கழற்றினால் உடனே குப்பையில் போட வேண்டாம். துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். முகம் முழுக்கச் சுற்றி ஒரே அகலத்தில் பளபளப்பான தடம் இருந்தால் அது ஆயுள் முடிந்து ஓய்ந்த சீல். வட்டம் வட்டமாகக் கோடு விழுந்திருந்தால் தண்ணீரில் துகள் வந்திருக்கிறது, புதுச் சீல் போடுவதற்கு முன் வடிகட்டியைப் பாருங்கள். கடின முகத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய வெடிப்புகள் ஓடினால் அது காய்ந்து ஓடியிருக்கிறது. தடம் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருந்தால் ஹோஸ் இழுக்கிறது, அல்லது பூட்டியது கோணல். ஓ-ரிங் அதன் பள்ளத்தைவிடப் பெரிதாக ஊதியிருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. விரலால் மடக்கியதும் பிஸ்கட் மாதிரி உடைந்தால், முகங்கள் எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும், அங்கே சூடு ஏறியிருக்கிறது. தண்ணீர் எங்கே தடைப்பட்டது என்று குழாய் வழியே பின்னோக்கித் தேடிப் போங்கள்.